காயமும் காலக்கெடுவும்



பள்ளிக்கூடம் விடும் வேளையிற் கொக்குவிற் சந்தியில் நின்று காங்கேசன்துறை வீதியைக் கடப்பதற்கு எத்துணை பொறுமை வேண்டுமென்பதை அவ்வூரார் நன்கறிவர். துவிச்சக்கர வண்டியும் லொறியும் பேருந்தும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு செல்லும் அவ்வீதி, 2020 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆந் திகதி மாலை ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதும் வெறிச்சோடிப் போயிற்று. யாழ்ப்பாணத்தின் முதலாவது கொரோனா நோயாளி அயற் கிராமமாகிய தாவடியிற் கண்டறியப்பட, அக்கிராமம் தனிமைப்படுத்தப்பட்டது. வாகனங்கள் ஓடாதபோது விபத்தும் குறையும் என்பது உண்மையே. ஆனால், அதற்கு முன்னரே அடிபட்டுக் கிடந்தவர்களின் நட்டஈட்டு உரிமை என்னவாயிற்று? அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணத்தவர்க்கு எல்லாக் காரியத்துக்கும் தேசவழமையே சட்டம் என்று நம்மவரிற் சிலர் எண்ணுவதுண்டு. முதுசம், சீதனம், தேடியதேட்டம் ஆகியவற்றுக்கு அது சட்டந்தான். கால் முறிந்தவனுக்கு அது கைகொடாது. அவனுக்குரியது, ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்ற உரோமன் டச்சுச் சட்டம். சாரதியின் கவனயீனத்தால் விபத்து நேர்ந்தது என்று காட்டினால், செலவழித்த பணம், இழந்த கூலி, இனி இழக்கப்போகும் உழைப்பு, பட்ட நோவு ஆகிய யாவற்றுக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். அடிபட்டவன் மீதும் ஓரளவு பிழையிருந்தால் அந்த அளவுக்குத் தொகையைக் குறைத்துக் கொடுக்க 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது.

உரிமை பெரிது, அதற்குரிய காலமோ சிறிது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இத்தகைய வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும். இளம்பராயத்தினர், சித்தசுவாதீனமற்றோர், கடல்கடந்து இருப்போர் என்று சிலருக்கு அச்சட்டம் சலுகை காட்டுகிறது. கொள்ளைநோய் அந்தப் பட்டியலில் இல்லை. இலண்டனில் இருப்பவனுக்கு ஓடாத காலம், தாவடியில் வீட்டுக்குள் அடைபட்டிருப்பவனுக்கு ஓடிக்கொண்டேயிருக்கும்! நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் எழுதியோர் கப்பற் பயணத்தை நினைத்தார்கள். வீட்டுச் சிறையை நினைத்தாரில்லை.

ஓர் உதாரணம் கற்பித்துக்கொள்வோம். கொக்குவிலைச் சேர்ந்த ஒரு மேசன் தொழிலாளி 2018 ஆம் ஆண்டு ஏப்பிரல் 8 ஆந் திகதி, வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது லொறி மோதித் தொடையெலும்பு முறிந்தார் என்க. அவருக்குரிய இரண்டாண்டு 2020 ஏப்பிரல் 8 உடன் முடிகிறது. ஏன் அவர் கடைசி வரைக்கும் காத்திருந்தார் என்று கேட்பீர்கள். நம்மூர் வழக்கமே அதுதான். நீதவான் நீதிமன்றத்திற் சாரதிக்கு எதிரான வழக்கு முடியட்டும் என்று முதலிற் காத்திருப்பார். சாரதி தண்டப்பணம் கட்டுவார். அப்பணம் அரசாங்கத்துக்குப் போகும். பிறகு லொறிக்காரர் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேச வருவார். அதன்பின் காப்புறுதிக் கம்பனியுடன் கடிதப் போக்குவரத்துத் தொடங்கும்.

இந்தக் கடிதப் போக்குவரத்திலேதான் பலர் ஏமாந்து போகின்றனர். மூன்றாந்தரப்புக் காப்புறுதி இன்றி வாகனம் ஓட்டலாகாது என்று 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கிறது. அச்சட்டத்தின்படி, வாகனகாரருக்கு எதிராகத் தீர்ப்புக் கிடைத்தால் அத்தொகையைக் கம்பனி செலுத்தவேண்டும். ஆனால், வழக்குத் தொடுக்குமுன்னரோ, தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ, கம்பனிக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று கம்பனி எழுதும் கடிதம் காலத்தை நிறுத்திவைக்காது. பூரண தீர்வு என்று அச்சிட்ட தாளிற் கையொப்பம் வைத்து ஒரு சிறு தொகையை வாங்கினால், வழக்கும் அத்தோடு பெரும்பாலும் முடிந்துபோகும்.

நம் மேசனாருக்கு மீண்டும் வருவோம். ஏப்பிரல் 8 ஆந் திகதி வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு. சட்டத்தரணியிடம் போக வழியில்லை. அயல் நாடாகிய இந்தியாவில் உச்ச நீதிமன்றம், யாரும் கேளாமல் தானாகவே, 2020 மார்ச் 23 ஆந் திகதியே தலையிட்டது. பின்னர் 2020 மார்ச் 15 முதல் 2022 பெப்புருவரி 28 வரையுள்ள காலம் முழுவதும் கணக்கிற் சேராது என்று தீர்த்தது. எவரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

இலங்கையிலோ 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேதான் பிறந்தது. 2020 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்பட்டமையால், அது நம் மேசனாரையும் எட்டிப்பிடித்தது. எனினும், இடையிற் பதினாறு மாதங்கள் அவருடைய உரிமை உயிரோடிருக்கிறதா, செத்துவிட்டதா என்று யாராலும் சொல்ல முடிந்திராது. யுத்தத்தால் நீதிமன்றம் போக முடியாதவர்களின் காணி உரிமைக்கென 2016 ஆம் ஆண்டில் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, யுத்தம் முடிந்து ஏழு ஆண்டுகளாகியிருந்தன. அதனோடு ஒப்பிட்டால் இது விரைவென்றே சொல்லவேண்டும்!

இச்சட்டம் இந்தியத் தீர்ப்பைப் போல எல்லோருக்கும் பொதுவாகக் காலத்தை நீட்டிவிடவில்லை. நோய் இருந்தது என்பது போதாது. நோயின் காரணமாகவே உரிய நாளிற் செய்ய இயலவில்லை என்று காட்டவேண்டியிருந்தது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால், ஏழைக்கு அது பாரம். வாயாற் சொன்னால் நீதிமன்றம் ஏற்குமா? பொலிஸ் நிலையத்து முறைப்பாட்டின் பிரதி, சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்த அறிக்கை, வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தந்த அட்டை, கூலி கொடுத்தவரின் சிட்டை ஆகியவை கையில் இருக்கவேண்டும். தொற்றுக்கு அஞ்சி ஆசுப்பத்திரி வாசலை மிதிக்காமல் ஒட்டகப்புலத்திலோ வேறெங்கோ புக்கை கட்டிக்கொண்டவர்களை நாம் அறிவோம். புக்கை எலும்பைப் பொருத்தியிருக்கலாம்; அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை.

தம் பெயரில் விபத்துக் காப்புறுதி எடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பத்திரத்தில் விபத்து என்பது பொதுவாக வெளியிலிருந்து வந்து தாக்குவதைக் குறிக்கும். காய்ச்சலும் தொற்றும் அதில் அடங்குவதில்லை. பத்திரத்தின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தை வாசித்துப் பாருங்கள்.

நம் மேசனார் சத்தியக் கடதாசியோடு கூண்டில் ஏறினால், எதிராளியின் சட்டத்தரணி முதலிற் கேட்கக்கூடிய கேள்வி இதுதான்: "ஏப்பிரலில் ஊரடங்கு, சரி. ஆகஸ்டு மாதம் 5 ஆந் திகதி பொதுத் தேர்தலுக்கு வாக்களிக்கப் போனீரா?" போனேன் என்பார் அவர். "சாவடி வரை போன கால், சட்டத்தரணி வீட்டுக்கு ஏன் போகவில்லை?"