பத்துத் தினார் இல்லாதவர்கள்



சிலுவைப் போர்கள் என்றாலே ஒருபக்கம் கிறித்தவர்கள், மறுபக்கம் இசுலாமியர்கள், நடுவில் ஜெருசலேம் என்றுதான் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. நான் வேறு ஒரு கேள்வியோடு இந்த வரலாற்றுக்குள் போக விரும்புகிறேன். அந்த நகரம் கைமாறியபோது யார் தப்பித்தார்கள்? யார் மாட்டிக்கொண்டார்கள்?

1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மான் நகரில் போப் இரண்டாம் அர்பன் போருக்கு அழைப்பு விடுத்தார். அடுத்த ஆண்டு கிளம்பிய கூட்டங்களில் சில, முதலில் கொன்றது இசுலாமியர்களை அல்ல. ரைன் ஆற்றங்கரையில், வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த யூதர்களைத்தான் கொன்றார்கள். ஸ்பயர் நகரத்தின் ஆயர் பெரும்பாலான யூதர்களைக் காப்பாற்றினார். மைன்ஸ் பேராயரின் மாளிகையில் தஞ்சம் புகுந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஜெருசலேம் இன்னும் கண்ணிலேயே படவில்லை, பிணங்கள் விழுந்துவிட்டன.

1099 ஜூலை 15 அன்று ஜெருசலேம் வீழ்ந்தது. அப்போது அது எகிப்தின் பாத்திமிய ஆட்சியில் இருந்தது. முந்தைய ஆண்டுதான் அவர்கள் அதைத் துருக்கியரிடமிருந்து கைப்பற்றியிருந்தார்கள். அதாவது இசுலாமிய அரசுகளே அந்த நகரத்துக்காகத் தங்களுக்குள் போரிட்டுக்கொண்டிருந்தன. சிலுவைப் படை உள்ளே நுழைந்ததும் இசுலாமியர்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தது. ஆனால் நகரத்தின் ஆளுநர் இஃப்திகார் அல்-தவ்லா என்ன ஆனார்? தாவீதின் கோபுரத்தைத் துலூஸ் பிரபு ரேமண்டிடம் ஒப்படைத்துவிட்டு, தன் வீரர்களோடு பத்திரமாக அஸ்கலான் போய்ச் சேர்ந்தார். ஒப்படைப்பதற்கு ஒரு கோபுரம் இல்லாத மக்கள் செத்தார்கள்.

88 ஆண்டுகள் கழித்து, 1187 அக்டோபரில் சலாஹுத்தீன் அதே நகரத்தை மீட்டார். இம்முறை படுகொலை நடக்கவில்லை. அது சாதாரண விசயமல்ல, அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் நகரத்தை விட்டு வெளியேற ஒரு விலை இருந்தது. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 தினார். கெடு 40 நாள். ஏழைகள் சில ஆயிரம் பேருக்கு மொத்தமாக ஒரு தொகை கட்டப்பட்டது. சலாஹுத்தீனும் அவர் தம்பி அல்-ஆதிலும் பலரைப் பணம் வாங்காமலே விடுவித்தார்கள். அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கானவர்கள் பணம் கட்ட முடியாமல் அடிமைகளாகப் போனார்கள். அதே நாட்களில் கிறித்தவத் தலைமைக் குரு ஹெராக்ளியஸ் தனக்கான 10 தினாரைக் கட்டிவிட்டு, பெருஞ்செல்வத்தோடு வாசலைத் தாண்டினார். சொன்ன சொல்லை மீறக்கூடாது என்று சலாஹுத்தீன் அவரைத் தடுக்கவில்லை. அந்தச் செல்வத்தைக் கொண்டு எத்தனை பேரை மீட்டிருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

1099-இல் ஓர் இசுலாமிய ஆளுநர், 1187-இல் ஒரு கிறித்தவத் தலைமைக் குரு. மதம் வேறு, வெளியேறிய வழி ஒன்றுதான்.

போர் தவிர வேறு வழியே இல்லையா? இருந்தது. 1229-இல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கும் எகிப்தின் சுல்தான் அல்-காமிலும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நகரம் கிறித்தவர்களுக்கு, அல்-அக்ஸா வளாகம் இசுலாமியர்களுக்கு. சண்டையே இல்லாமல் முடிந்தது. ஆனால் கொண்டாட ஆளில்லை. போப் ஏற்கெனவே ஃபிரெடரிக்கைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்திருந்தார். டமாஸ்கஸில் அல்-காமிலுக்கு எதிராகக் கண்டனம் எழுந்தது. படுகொலைக்கு நன்றி வழிபாடு நடத்திய நகரத்தில், ரத்தம் சிந்தாத ஒப்பந்தம் துரோகம் ஆனது.

இன்னொரு செய்தி. அக்கால அரபு வரலாற்றாசிரியர்கள் வந்தவர்களை 'ஃபிராங்குகள்' என்றுதான் எழுதினார்கள். 'சிலுவைப் போர்கள்' என்ற பெயர் அரபு மொழியில் புழக்கத்துக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். ஆனால் 2001-இல் அமெரிக்க அதிபர் புஷ் தன் போரைச் சிலுவைப் போர் என்றார். அந்தச் சொல்லுக்கு இன்னும் ஆள் திரட்டும் வலு இருக்கிறது.

ஆகவே தோழர்களே, ஒரு போரை மதத்தின் பெயரால் யாராவது நமக்கு விளக்கினால், உடனே பக்கம் பிரிந்து நிற்க வேண்டாம். வாசலில் யார் பணம் கட்டிவிட்டுப் போனார்கள், யார் உள்ளேயே நின்றுவிட்டார்கள் என்று முதலில் கேட்போம்.