மேல்நோக்கிய அலையும் கால ஒத்திசைவும்

(பயிற்சி அதிகாரிகளும் முதுகலை மாணவர்களும் கூடியிருந்த அவையொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்றவனுக்கு வானொலி அலைகளைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒடிசாவின் மலைப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் நியாயவிலைக் கடையைப் பார்வையிடச் சென்றிருந்தேன். ஒரு மூதாட்டி கருவியில் விரல் பதித்தார், பதிவாகவில்லை. மறுபடியும் பதித்தார், பிறகு மூன்றாம் முறையும் பதித்தார். கருவியின் திரையிலோ அலைக் கோடுகள் நிறைந்து தெரிந்தன. அலை இருக்கிறது, ஆனால் தகவல் போக மறுக்கிறது என்றார் கடைக்காரர். என்னுடன் வந்திருந்த தொலைத்தொடர்புப் பொறியாளர், அந்தக் கோடுகள் கோபுரத்தின் குரல் நம்மை வந்தடைவதை மட்டுமே அளப்பவை, நம் குரல் கோபுரத்தைச் சென்றடைவதை அவை காட்டுவதில்லை என்று விளக்கினார். என் அறியாமை எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கோபுரம் பல பத்து வாட் ஆற்றலில் பேசுகிறது. நம் கையிலுள்ள கருவிக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றலோ சுமார் 0.2 வாட். எனவே மேல்நோக்கிய இணைப்பு இயல்பாகவே மெலிந்தது. அதற்கு மேல் அது காலக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது. இன்று நான் கூற வந்தது இந்த இரண்டாவது செய்தியே.

வானொலி அலை ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர் செல்கிறது. கோபுரத்திலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கருவிக்குக் கோபுரத்தின் குரல் 10 மைக்ரோவினாடி தாமதமாகக் கேட்கிறது. அதற்கேற்ப அது பதில் அனுப்பினால், பதில் போய்ச் சேர இன்னுமொரு 10 மைக்ரோவினாடி ஆகும். ஆக, 20 மைக்ரோவினாடி பிந்துகிறது. ஒரே பள்ளிக்குப் பல ஊர்களிலிருந்து குழந்தைகள் நடந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டைவிட்டுப் புறப்பட்டால் மணியடிக்கும்போது பாதிப் பேர் வழியில் இருப்பார்கள். தொலைவில் உள்ளவர் முன்னதாகப் புறப்பட வேண்டும். கோபுரமும் ஒவ்வொரு கருவிக்கும், "நீ இவ்வளவு முன்னதாகப் புறப்படு" என்று தனித்தனியே கட்டளை அனுப்புகிறது. இதற்கு நேர முன்னெடுப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் இந்த முன்னெடுப்புக்கு 0 முதல் 63 வரை படிகள் இருந்தன. படி ஒன்றுக்கு ஏறத்தாழ 550 மீட்டர். ஆகவேதான் 35 கிலோமீட்டருக்கு அப்பால், தனி ஏற்பாடு செய்யாவிடில், கடலில் உள்ள படகுக்கு அலை தெளிவாகக் கிடைத்தாலும் பேச இயலாது. நான்காம் தலைமுறையில் படியின் அளவு 78 மீட்டராகக் குறைந்தது. எல்லை 100 கிலோமீட்டர் வரை விரிந்தது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள ஒவ்வொரு குறிக்கும் முன்னால் சுமார் 4.7 மைக்ரோவினாடி இடைவெளியும் உண்டு. மணியடித்த பிறகும் ஆசிரியர் சற்றே கதவைத் திறந்து வைத்திருப்பதைப் போன்றது அது. அதற்கும் மேல் பிந்தி வருபவர் அடுத்தவர் பாடத்தைக் கெடுத்துவிடுவார்.

இனி, பல ஊர்தி அலைகளின் கதை. நம் நாட்டில் அலைக்கற்றை 22 சேவைப் பகுதிகளாகப் பிரித்து ஏலம் விடப்படுகிறது. 1800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 200 கிலோஹெர்ட்ஸ் துண்டாகவும், 800 பட்டையில் 1.25 மெகாஹெர்ட்ஸ் துண்டாகவும் விற்கப்பட்டிருக்கிறது. பல ஏலங்களில் வாங்கியவரின் கையில் இருப்பது, நம் விவசாயியின் நிலத்தைப் போல, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிய துண்டுகள். நிலத்தைப் பரிமாற்றம் செய்து ஒன்றுசேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை வருவாய்த் துறையில் பணியாற்றியவர்கள் அறிவர். அலைக்கற்றையில் வேறொரு வழி பிறந்தது. துண்டுகளை இடம் மாற்றாமலே, ஒரே கருவி பல துண்டுகளையும் ஒருங்கே பயன்படுத்தலாம். 2011-ஆம் ஆண்டில் நிறைவுற்ற பத்தாம் பதிப்புத் தரம் இதற்கு இடமளித்தது. ஐந்து ஊர்தி அலைகள், மொத்தம் 100 மெகாஹெர்ட்ஸ் வரை.

ஆனால் அத்தரம் ஒரு கருவிக்கு ஒரே நேர முன்னெடுப்பைத்தான் தந்தது. எல்லா அலைகளும் ஒரே கோபுரத்திலிருந்து ஒரே வழியில் வந்தால் இது போதும். 850 மெகாஹெர்ட்ஸ் அலை 6 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெரிய கோபுரத்திலிருந்தும், 1800 அலை ஊரருகே நட்ட சிறு வானொலி அலகிலிருந்தும் வந்தால் என்ன செய்வது? இரண்டுக்கும் வெவ்வேறு தூரம், வெவ்வேறு தாமதம். பெரியதற்கேற்பப் புறப்பட்டால் சிறியதற்கு மிக முன்னதாகப் போய் நிற்கும். சிறியதற்கேற்பப் புறப்பட்டால் பெரியதற்குப் பிந்திவிடும். ஒரு பட்டையை மட்டும் வலுப்படுத்தும் மறுபரப்பிகளும் இதே சிக்கலை உண்டாக்குகின்றன.

2012-13-இல் உருப்பெற்ற பதினோராம் பதிப்பு இதற்குத் தீர்வு கண்டது. ஒரே தாமதமுடைய ஊர்தி அலைகள் ஒரு குழுவாகச் சேர்க்கப்படும். குழுவுக்கொரு நேர முன்னெடுப்பு. ஒரு கருவிக்கு நான்கு குழுக்கள் வரை. இதில் என்னைக் கவர்ந்த சிறு செய்தி ஒன்று உண்டு. நேரத் திருத்தக் கட்டளை எட்டு இருமக் குறிகள் கொண்டது. ஆறு குறிகள் திருத்தத்தின் அளவைச் சொல்லும். முதல் இரண்டும் பழைய தரத்தில் காலியாகவே விடப்பட்டிருந்தன. குழுவின் எண்ணை எழுத அவ்விரண்டு இடங்களே போதுமானதாயின. நம் படிவங்களில் 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்று விடப்படும் கட்டங்கள் இவ்வளவு பயன்பட்டதை நான் கண்டதில்லை.

குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கணிப்பான் உண்டு. குறித்த நேரத்துக்குள் புதிய திருத்தம் வராவிட்டால் அக்குழுவில் கருவி வாய்மூடிவிட வேண்டும். துணைக்குழு ஒன்றின் கணிப்பான் முடிந்தால் அதுமட்டும் நிற்கும். முதன்மைக் குழுவினது முடிந்தால் எல்லாக் குழுக்களுமே ஒத்திசைவை இழந்தவையாகக் கருதப்படும். கருவி முதலிலிருந்து கதவைத் தட்ட வேண்டியதுதான். இரு குழுக்களின் புறப்பாட்டுக்கு இடையிலும் ஏறத்தாழ 32 மைக்ரோவினாடிக்கு மேல் வேறுபாடு இருக்கலாகாது. ஆகவே கோபுரங்களை எங்கும் நட்டுவிட்டுக் கணிதத்திடம் பொறுப்பை ஒப்படைத்துவிட முடியாது.

இங்கே பொருளாதார மாணவனாக ஓர் எச்சரிக்கை. பல அலைகளில் ஒருங்கே அனுப்பக் கருவியில் அதற்கான பாகங்கள் வேண்டும். விலை குறைந்த கருவிகளில் அவை பெரும்பாலும் இரா. மேலும், அந்த 0.2 வாட் ஆற்றலையே அலைகளுக்கிடையே பங்கிட வேண்டும். கோபுரத்துக்கு அருகிலிருப்பவருக்கு இப்பங்கீடு வேகத்தைத் தரும். எல்லையில் நிற்பவருக்கோ இருப்பதும் கரையும். அவர் தாழ்ந்த அலைவரிசை ஒன்றிலேயே முழு ஆற்றலையும் செலுத்துவது மேல். எனவே, அலைகளைச் சேர்ப்பதால் மட்டும் சிற்றூருக்கு நன்மை வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. சிறு அலகை ஊரருகே கொண்டுசென்றால்தான் நன்மை. அப்படிக் கொண்டுசெல்லும்போது தனித்தனி நேரக் குழுக்கள் தேவைப்படும். 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 24,680 ஊர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவையை எட்டச்செய்யும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இத்தகைய ஊர்களுக்குச் செல்லும் அதிகாரிகள் கோடுகளை எண்ணிவிட்டுத் திரும்பாமல், ஒரு பதிவை அனுப்பிப் பார்த்து அது எத்தனை முறையில் சென்றது என்று குறித்துவருவது நல்லது.

அந்தக் கடையில் நேர்ந்தது ஆற்றல் குறைவா, ஒத்திசைவு இழப்பா என்று பொறியாளரிடம் கேட்டேன். அங்கே நின்றபடி சொல்ல இயலாது என்றார். கருவியின் குரல் கேட்டால்தானே கோபுரம் அதன் தாமதத்தை அளந்து திருத்தம் அனுப்ப முடியும்? ஒன்று தளர்ந்தால் மற்றதும் தளரும். கடைக்காரர் அதற்குள் கருவியைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த ஏரிக்கரை மேட்டில் ஏறியிருந்தார். மூதாட்டியும் பின்னாலேயே ஏறினார். நான்காம் முறை பதிவாயிற்று. இறங்கி வந்ததும் அரிசி அளந்தார்கள்.