வணிக ஆட்டமும் முகமில்லா எதிராளியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சிலம்பும் குறளும் கம்பனும் முழங்கிய இம்மேடையில், பிள்ளைகளுக்கும் பயன்படுமாறு ஏதேனும் பேசுக எனச் செயற்குழுவினர் பணித்தார்கள். இரயில்வேயில் பேரேடு எழுதுவோர்க்கு ஆராய்ச்சியுரை ஆற்றும் தகுதி ஏது? ஆகவே அப்பிள்ளைகள் நாள்தோறும் ஆடுகின்ற ஓர் ஆட்டத்தையே பேசுபொருளாக எடுத்துக்கொண்டோம். அதுதான் 'பிசினஸ்' என நம் இல்லங்களில் வழங்கும் வணிக ஆட்டம்.

கட்டங்கள் வரைந்த ஓர் அட்டை. பம்பாய், டில்லி, சென்னை என நகரங்கள். இடையிடையே இரயில்வே, மின்சாரக் கம்பெனி, சிறைச்சாலை. காயை உருட்டி, நின்ற இடத்தை விலைக்கு வாங்கி, வீடு கட்டி, பின்னர் அங்கே வந்து நிற்பவரிடம் வாடகை வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் நால்வர் கூடினாலன்றி இவ்வாட்டம் நடவாது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இன்றோ ஒரு கைப்பேசி போதும். எதிராளிகள் மூவரையும் கணிப்பொறியே தருகிறது; எளியவரா வல்லவரா என்றுகூடக் கேட்டுத் தருகிறது!

சூதாட்டமும் அரசியலும் தொடர்புடையவை என்பதை இச்சாணக்கியபுரியில் நின்று சொல்லுதல் பொருத்தமேயாம். இப்பகுதிக்குப் பெயர் தந்த சாணக்கியன் இயற்றியதாகக் கூறப்படும் அர்த்தசாத்திரத்தின் மூன்றாம் அதிகரணம், இருபதாம் அத்தியாயம் சூதாட்டத்தைப் பற்றியது. சூதைக் கண்காணிக்க ஓர் அத்தியட்சன். ஓரிடத்திலேயே ஆட வேண்டும். காய்களை அவனே கொடுக்க வேண்டும். காயை மாற்றினால் தண்டம். வென்ற பொருளில் 5 விழுக்காடு அவன் பெறுவான். யார் வென்றாலும் தோற்றாலும் அரசுக்கு நட்டமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த 5 விழுக்காடு நம் துறைக்கும் வேண்டிய எண்தான். இதே சாணக்கியபுரியில் 1977 பிப்ரவரி முதல் இருந்துவரும் தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவற்றைப் போன்றவை இந்நாட்டில் ஓடத் தொடங்கிய காலத்துக் கணக்கைக் கண்டவர் சிலரே. 1849இல் கிழக்கிந்திய இரயில்வே, பெருந்தீபகற்ப இரயில்வே என்னும் கம்பெனிகளோடு செய்த ஒப்பந்தத்தில், முதலீட்டுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி உறுதி என்று எழுதிக் கொடுத்தார்கள். இலாபம் குறைந்தால் குறையை இந்திய வருவாயிலிருந்து ஈடு செய்ய வேண்டும். இலண்டனில் பங்கு வாங்கியவனுக்கு அது தோல்வியே இல்லாத ஆட்டம். அவன் கெட்டிக்காரனா அல்லனா என்பது கேள்வியே அன்று. விதி அவ்வாறு எழுதப்பட்டிருந்தது.

இனி, வணிக ஆட்டம் பிறந்த வரலாறு. இதன் மூல வடிவத்தை அமைத்தவர் எலிசபெத் மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி. சுருக்கெழுத்து வேலை பார்த்தவர். நம்மைப் போல எழுதிப் பிழைத்தவர் என்பதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு. நிலத்தின் வாடகை சிலர் கையில் சேர்வதே வறுமைக்குக் காரணம் என்று 1879இல் ஹென்றி ஜார்ஜ் என்பார் எழுதிய நூல் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. சொற்பொழிவால் விளங்காததை ஆட்டத்தால் விளக்கலாம் எனக் கருதி, 'நிலக்கிழார் ஆட்டம்' என்று பெயரிட்டு 1904 ஜனவரி 5ஆம் நாள் காப்புரிமை பெற்றார். அவர் வரைந்த பலகையின் நான்கு பக்கங்களிலும் இரயில்வே இருந்தது. ஒருவன் செல்வனாக மற்றவர் ஓட்டாண்டியாவதைப் பிள்ளைகள் கண்ணாரக் காண வேண்டும், கண்டு வெறுக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

பிள்ளைகள் வெறுக்கவில்லை, விரும்பிவிட்டார்கள்! கைமாறிக் கைமாறிச் சென்ற அவ்வாட்டத்தைச் சார்லஸ் டாரோ என்பவர் 'மொனாப்பொலி' என்னும் பெயரில் தம்முடையதாகவே விற்க, 1935இல் பார்க்கர் சகோதரர்கள் கம்பெனி அதனை வாங்கி உலகெங்கும் பரப்பியது. டாரோ கோடீசுவரரானார். மேகி அம்மையாருக்குக் கிடைத்த விலை 500 டாலர். வாடகையின் கொடுமையைக் காட்ட வந்தவருக்கே இவ்வாறு நேர்ந்தது. 1970களில் ரால்ப் ஆன்ஸ்பாக் என்னும் பொருளியல் பேராசிரியர் ஒரு வழக்கிற்காகத் தோண்டித் துருவியதனாலன்றோ இவ்வரலாறு பலரும் அறிய வெளிவந்தது!

நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியும் இத்தகையதே. இருவரும் சமமான முத்துக்களோடு தொடங்குகிறார்கள். சில சுற்றுகளில் ஒருத்தியின் குழிகள் நிரம்ப, மற்றவளுடையவை வெறுங்குழிகளாகின்றன. தனியுடைமையின் தோற்றத்தையே பேராசிரியர் தொ. பரமசிவன் அவ்வாட்டத்தில் கண்டு எழுதினார்.

இப்போது கணிப்பொறியிடம் வருவோம். வீட்டில் ஆடும்போது ஆட்டம் விதிப்படி நடப்பதில்லை. சிறுவன் அழுதால் மாமா வாடகையைத் தள்ளிவிடுகிறார். அக்காள் வீம்புக்காகச் சென்னையை விற்க மறுக்கிறாள். வங்கியில் இருப்பவர் கை சற்றே நீளுகிறது. கணிப்பொறி எதிராளிக்கு இவை ஒன்றும் இல்லை. இரக்கமும் இல்லை, வீம்பும் இல்லை, கள்ளமும் இல்லை. கணக்கு மட்டும் உண்டு.

அக்கணக்கில் ஒரு சிறு பகுதியைப் பிள்ளைகள் அறிந்துகொள்ளலாம். இரண்டு காய்களை உருட்டினால் 36 வகையாக விழும். அவற்றுள் 7 விழுவது 6 வகை. 6 விழுவது 5 வகை. 8 விழுவதும் 5 வகை. 9 விழுவது 4 வகை. மொனாப்பொலிப் பலகையின் 40 கட்டங்களுள் மிகுதியாக ஆட்கள் தங்கும் இடம் சிறைச்சாலை. அதிலிருந்து 6, 8, 9 ஆகிய தொலைவுகளில் ஆரஞ்சு நிறத்து மனைகள் மூன்று இருக்கின்றன. ஆகச் சிறையிலிருந்து புறப்படுவோன் 36இல் 14 வகையில் அம்மூன்றனுள் ஒன்றில் சென்று விழுவான். மனிதன் விலையுயர்ந்த மனையின் பகட்டைக் கண்டு மயங்குகிறான். நன்கு அமைக்கப்பட்ட கணிப்பொறியோ ஓசைப்படாமல் ஆரஞ்சு மனைகளில் வீடு கட்டுகிறது. வங்கியில் 32 வீடுகளே உண்டு என்பதும் அதற்கு மறப்பதில்லை.

நாம் வியந்தது வேறொன்று. நான்கு ஆட்டக்காரரையும் கணிப்பொறியாகவே அமைத்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். நால்வர்க்கும் ஒரே அறிவு, ஒரே முதல், ஒரே விதி. சோம்பேறி என்றோ ஊதாரி என்றோ ஒருவனையும் குறை கூற வழியில்லை. அங்கும் இறுதியில் ஒருவன் எல்லாவற்றையும் உடையவன், மூவர் ஒன்றுமில்லாதவர். மாமாவோடு ஆடித் தோற்றால் மாமாவின் மேல் கோபம் வருகிறது. இங்கே யார் மேல் கோபிப்பது? தொடக்கத்தில் நல்ல எண் விழுந்ததும், வாடகை வாடகையை ஈன்றதுமே காரணம். மேகி அம்மையார் காட்ட நினைத்ததை, மனிதரே இல்லாத ஆட்டமல்லவா மிகத் தெளிவாகக் காட்டுகிறது!

இது பொழுதுபோக்கு மட்டுமானால் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அதே கைப்பேசியில், அடுத்த பொத்தானில் மெய்யான பணத்தோடு நடக்கும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. பங்குச் சந்தையில் 'ஃப்யூச்சர்ஸ்' என்றும் 'ஆப்ஷன்' என்றும் சொல்லப்படும் ஒப்பந்த வாணிகம் அது. நல்ல கம்பெனியின் பங்கை வாங்கிப் பல்லாண்டு வைத்திருப்பது வேறு. நாளைய விலையின் மேல் இன்று பந்தயம் வைப்பது வேறு.

சந்தையைக் கண்காணிக்கும் 'செபி' 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில் இவ்வாணிகத்தில் இறங்கிய தனி மனிதர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 100க்கு 93 பேர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். முப்பது வயதுக்குட்பட்டோரின் பங்கு ஒரே ஆண்டில் 31 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாயிற்று. தோற்றவர்களுள் முக்கால் பங்கினர்க்கு மேல் மீண்டும் மீண்டும் ஆடினர் என்பது அவ்வறிக்கையிலேயே துயரமான வரி.

வென்றவர் யார்? 2023-24இல் அயல்நாட்டு முதலீட்டாளர் ஈட்டிய இலாபத்தில் 97 விழுக்காடும், சொந்தப் பணத்தில் வாணிகம் செய்யும் நிறுவனங்களின் இலாபத்தில் 96 விழுக்காடும் 'அல்கோ' எனப்படும் கணிப்பொறி முறையில் வாணிகம் செய்தோர்க்கே சென்றன. நம் வீட்டுப் பிள்ளை பலகையில் விளையாட்டாகச் சந்தித்த அதே எதிராளிதான் அங்கும் அமர்ந்திருக்கிறான். அங்கே 'எளியவரா வல்லவரா' என்று கேட்பதில்லை.

பாரதத்தில் இதற்கு ஓர் உவமை உண்டு. பணயம் வைத்தவன் துரியோதனன்; காய் உருட்டியவன் சகுனி. ஒருவர்க்காக மற்றொருவர் ஆடுவது முறையன்று எனத் தருமன் சொல்லித்தான் பார்த்தான். சொல்லிவிட்டு ஆடவும் செய்தான். அவன் தோற்ற இந்திரப்பிரத்தம் நாம் குடியேறியுள்ள இந்த டில்லி மண்ணே என்பார்கள்.

2024 நவம்பர் முதல் ஒப்பந்தத்தின் குறைந்த மதிப்பை 15 இலட்சமாக உயர்த்தியது போன்ற கட்டுப்பாடுகளைச் செபி கொண்டுவந்தது. அதன் பின்னும் 2024-25இல் நட்டமடைந்தோர் 100க்கு 91 பேர். வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எடுத்து இதில் இட எண்ணும் தம்பிமார் நம் குடும்பங்களிலும் இருக்கக்கூடும். அவர்களை அதட்ட வேண்டா. 'உன் எதிரில் அமர்ந்திருப்பவர் யார் என்று தெரியுமா?' என்று மட்டும் கேளுங்கள். இவ்வெண்களை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

பிள்ளைகளே! மேகி அம்மையார் தம் ஆட்டத்துக்கு இரண்டாவது விதித் தொகுதி ஒன்றும் எழுதியிருந்தார். அதில் நில வாடகை உடையவனுக்குச் செல்லாது, பொதுக் கருவூலத்துக்குச் செல்லும். எல்லாரினும் குறைந்த பொருளோடு தொடங்கியவனின் கையிருப்பு இரு மடங்கானால் அனைவரும் வென்றதாக ஆட்டம் முடியும். கடைகளில் கிடைக்கும் பெட்டிக்குள் இவ்விதி இல்லை. ஆகவே அதைத் தமிழில் எழுதிப் பக்கத்து அறையில் ஒட்டியிருக்கிறோம். இரண்டு மேசைகளில் இரண்டு அட்டைகள் விரிக்கப்பட்டுள்ளன. ஒன்றில் பழைய விதி, மற்றொன்றில் இவ்விதி. கைப்பேசிகளை வாயிலில் உள்ள கூடையில் இட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். வங்கியாளராக இருக்கப் பெரியவர் இருவர் தேவை. கை நீளாதவராகப் பார்த்து வருமாறு வேண்டுகிறோம்.