சேலையோடு செல்லும் கதை
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“வணிகத்தில் கதையின் பங்கு” என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கல்விச் சங்கத்தின் மேடையில் வணிகம் எதற்கு, அதிலும் கதை எதற்கு என்னும் ஐயம் சிலர் முகத்தில் தெரிகிறது. தேவிகாபுரத்தார்க்கு அந்த ஐயம் எழலாகாது. கனககிரி மலைமேல் இறைவனுக்கு வெந்நீர் அபிஷேகம் நடப்பதை நாம் அறிவோம். வேடன் ஒருவன் கிழங்கு அகழ்ந்தபோது அவனது கருவி பட்டு லிங்கத்தினின்று குருதி பெருகிற்று, அக்காயம் ஆறவே வெந்நீர் என்று பெரியோர் சொல்வர். ஊரின் பெயரை மறந்த வெளியூர்க்காரர்கூட, “வெந்நீர் அபிஷேகம் செய்வார்களே, அந்த ஊரா?” என்று கேட்கிறார். கதை அவ்வாறு நெஞ்சில் நின்றுவிடுகிறது. ஆனால் நான் கேட்ட கதையில் அந்த வேடனுக்குப் பெயர் இல்லை. இதனை நினைவில் இருத்துங்கள்; மீண்டும் இதற்கு வருவேன்.

துணி வணிகத்தில் கதை செய்த விந்தை ஒன்றைக் கூறுகிறேன். சென்னையின் பெயரால் ‘மெட்ராஸ்’ என்றே உலகெங்கும் வழங்கிய கட்டம் போட்ட பருத்தித் துணியை நீங்கள் அறிவீர்கள். 1958ஆம் ஆண்டில் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகர் பம்பாய்க்கு வந்து, கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் அத்துணியைப் பத்தாயிரம் கெஜம் வாங்கினார். பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவியவர் இந்த நாயர்தான். “இது இயற்கைச் சாயம் தோய்த்த கைத்தறித் துணி, குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும்” என்று நாயர் எச்சரித்தாராம். ஜேக்கப்சனோ அந்தச் செய்தியைத் தம்மிடம் துணி வாங்கிய புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்திற்குச் சொல்ல மறந்தார். அந்நிறுவனம் அழகழகான சட்டைகளைத் தைத்து விற்றது. வாங்கியவர்கள் துவைத்தார்கள். சிவப்பு நீலத்தில் கலந்தது. நீலம் மஞ்சளில் கலந்தது. புகார்கள் குவிந்தன, வழக்குத் தொடரப்படும் என்னும் அளவுக்குப் பேச்சு முற்றியது.

நம் ஊரில் சாயம் வெளுத்தால் வியாபாரியின் மானம் போகும். அங்கே நிகழ்ந்ததோ வேறு. ‘செவன்டீன்’ என்னும் பத்திரிகையில் நாயரின் பேட்டியோடு நெடிய கட்டுரை ஒன்று வந்தது. இந்தியாவில் கையால் நெய்யப்படும் அதிசயத் துணி இது, ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுக்கோலம் கொள்ளும் என்று அது எடுத்துரைத்தது. “சாயம் போகும் என்பதற்கு நாங்கள் உறுதி!” என்னும் பொருள்படும் விளம்பரத் தொடரும் எழுந்தது; அதனைப் புகழ்பெற்ற விளம்பரக் கலைஞர் டேவிட் ஓகில்வி ஆக்கினார் என்பர். குறை கூறிய மக்களே பின்னர் அத்துணியைத் தேடி வாங்கினர். சாயம் போகாத துணியைப் போலி என்று சொல்லும் காலமும் வந்தது!

சிலர் இதனைக் கேட்டு, “ஆகா, வாய் இருந்தால் எதையும் விற்கலாம்” என்று முடிவு கட்டுவார்கள். அது பிழை. அங்கே பொய் எதுவும் புதிதாகப் புனையப்படவில்லை. நாயர் முதல் நாளில் சொன்ன உண்மையே பின்னர் பத்திரிகையில் ஏறிற்று. சொல்லாமல் விட்டபோது அது குற்றமாயிற்று, சொன்னபோது சிறப்பாயிற்று. துணி ஒன்றே, சாயமும் ஒன்றே.

எனினும் இந்தக் கதையில் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. ஜேக்கப்சன் பெயர் நமக்குத் தெரிகிறது. நாயர் பெயர் தெரிகிறது. ஓகில்வி பெயரும் தெரிகிறது. பத்தாயிரம் கெஜத்தையும் தறிக்குழியில் கால் வைத்து நெய்தவர்கள் யார்? கிழங்கு அகழ்ந்த வேடனைப் போல அவர்களும் பெயரற்றுப் போனார்கள்.

இனி நம் பட்டுக்கு வருவோம். பட்டுச் சேலை வாங்குபவர் பெரும்பாலும் கண்ணை நம்பி வாங்க இயலாது. தூய பட்டா, கலப்பா? கைத்தறியா, விசைத்தறியா? சரிகையில் வெள்ளி எவ்வளவு? கடை விளக்கின் கீழே எல்லாம் ஒன்றுபோல் மின்னும். நூலைக் கொளுத்தி, முடி கருகும் நாற்றம் வருகிறதா என்று பார்க்கக் கடைக்காரர் விடுவாரா? ஆதலால் வாங்குபவர் ஒரு சொல்லை நம்புகிறார். அச்சொல்லுக்கு அரசின் முத்திரைகள் துணை நிற்கின்றன. 2004இல் பட்டு முத்திரையும், 2006இல் கைத்தறி முத்திரையும் வந்தன. 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி காஞ்சிபுரப் பட்டும், பின்னர் ஆரணிப் பட்டும் பதிவு பெற்றன. இவையெல்லாம் நன்றே. ஆனால் முத்திரை ஊரின் பெயரைச் சொல்லும். ஆளின் பெயரைச் சொல்லாது.

1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் அண்மைக் காலத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. பட்டுச் சேலையோடு, அதை நெய்தவரின் புகைப்படமும் விவரமும் தாங்கிய அட்டையை இணைத்தது. சேலையை உடுத்தும் பெண்மணி நெய்தவரின் முகத்தைப் பார்க்கிறார். இதைவிட எளிய கதை உண்டா? இதைவிட வலிய விளம்பரம்தான் உண்டா?

நெசவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாரும் உளர். 1901ஆம் ஆண்டின் சென்னை மாகாண மக்கள்தொகைக் கணக்கறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். கோலியர் என்னும் நெசவாளர் பறையரினின்று பிரிந்தவர்கள் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. திருவள்ளுவர் மயிலையில் தறி நெய்தார் என்னும் செவிவழிக் கதையையும் நம் முன்னோர் பெருமையோடு சொல்லி வந்தார்கள். நூல் இழைப்பது முதல் சாயம் தோய்ப்பது வரை, பாவு ஓட்டுவது முதல் தறியில் அமர்வது வரை எத்தனையோ கைகள் ஒரு சேலையில் படுகின்றன. அவற்றுள் சில கைகளே கதையில் இடம் பெறுகின்றன.

என் இளமையில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். என் சிற்றப்பா நெய்த இரண்டு சேலைகளை எடுத்துக்கொண்டு நகரத்துக் கடை ஒன்றிற்குச் சென்றேன். கடைக்காரர் விரித்துப் பார்த்தார், முந்தானையைப் புகழ்ந்தார், விலையும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிறகு, “தம்பி எந்த ஊர்? எந்தத் தெரு?” என்றார். தெருவைச் சொன்னேன். அதன்பின் அந்தச் சேலையில் குறைகள் தெரியத் தொடங்கின. கரையில் குறை, சாயத்தில் குறை, மடிப்பில்கூடக் குறை! இரண்டையும் சுருட்டிக்கொண்டு திரும்பினேன். சிற்றப்பா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வேறொருவர் கையில் கொடுத்து அனுப்பினார், விற்றுவிட்டது.

வேறொருவர் கையில் கொடுத்தனுப்பும் அந்த வழக்கத்தைச் சிலர் துணிந்து உடைத்திருக்கிறார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் சூட்டினார். எந்தச் சொல்லால் இகழ்ந்தார்களோ அதையே முகப்பில் அச்சிட்டார். 2016இல் சந்திரபான் பிரசாத் என்னும் ஆய்வாளர் மஞ்சள்தூள், மல்லித்தூள், மாங்காய் ஊறுகாய் முதலியவற்றை ‘தலித் ஃபுட்ஸ்’ என்னும் பெயரால் விற்க முன்வந்தார். நம் கை பட்டதை உண்ணாத நாட்டில், ஊறுகாயை அந்தப் பெயரோடு விற்பது எவ்வளவு பெரிய கேள்வி! பம்பாயில் சுதீர் ராஜ்பர் என்னும் கலைஞரோ, தாராவித் தோல் தொழிலாளரைச் சேர்த்துக்கொண்டு, பழைய டயர் ரப்பரில் பைகள் செய்து ‘சமார் ஸ்டுடியோ’ என்று பெயரிட்டார். 2015இல் மகாராட்டிரத்தில் மாட்டிறைச்சித் தடை வந்து தோல் கிடைப்பது அரிதானபின் எழுந்த முயற்சி அது.

நாமும் சேலையில் சாதிப் பெயரை அச்சிட வேண்டுமா? நம் சங்கத்திலேயே இதில் இரு கருத்து உண்டு. சாதியை ஒழிக்க வந்தவர்கள் அதையே விலாசமாக்கலாமா என்று மூத்தவர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அது அவரவர் விருப்பம் என்பதே என் எண்ணம். ஆனால் பெயரும் ஊரும் தெருவும் இருக்கட்டும். அவற்றை மறைப்பதற்கு நாம் குற்றம் செய்தவர்கள் அல்லர்.

இளைஞர்களே, நீங்கள் பட்டம் பெற்றவர்கள். கையில் கைப்பேசி வைத்திருப்பவர்கள். வீட்டுத் தறியில் இருக்கும் சேலையைப் பற்றி ஒரு தாள் எழுதுங்கள். நூல் எங்கிருந்து வந்தது, சாயம் தோய்த்தவர் யார், பாவு ஓட்டியவர் யார், எத்தனை நாள் ஆயிற்று, எந்த நாளில் மழை பெய்து தறி நின்றது என்று எழுதுங்கள். சரிகை தூயதன்று என்றால் அதையும் எழுதுங்கள். பொய் எழுதினால் முதல் துவைப்பிலேயே வெளுத்துவிடும். அம்மா தார் சுற்றியிருந்தால் அம்மாவின் பெயரை விட்டுவிடாதீர்கள்.

கூட்டம் முடிந்தபின் நூலகத் திண்ணையில் அமர்ந்திருப்பேன். வீட்டில் தறி உள்ளவர்கள் ஒரு தாளும் பேனாவும் கொண்டு வாருங்கள். முதல் தாளை இன்று மாலையே எழுதிவிடுவோம்.