பழுதுற்ற விளையாட்டுப் பெட்டி



வீட்டிலுள்ள வானொலிப் பெட்டி திடீரென்று வாய் மூடிக்கொண்டால் முன்னாளில் எவரும் அதிகம் கலங்கியதில்லை. தெருமுனையில் இருந்த திருத்துநர் பின்பலகையைக் கழற்றி, ஒளி மங்கிய வால்வை மாற்றிக் கொடுப்பார். பெட்டி மறுபடியும் பாடும். இன்று தொலைக்காட்சிக்கு அருகில் வேறொரு பெட்டி வந்து அமர்ந்திருக்கிறது. பிள்ளைகள் அதனைப் பிளேஸ்டேஷன் என்றும், எக்ஸ்பொக்ஸ் என்றும், நின்டெண்டோ என்றும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது வெறும் 'கேம்'. அந்தப் பெட்டி பழுதுற்றால் நாம் செய்யத்தக்கது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

'விளையாட்டுச் சாமானுக்கு ஒரு பேச்சா?' என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயின், அதன் விலையை எண்ணிப் பாருங்கள். பல குடும்பங்களின் ஒரு மாத வருமானத்தை அது விழுங்கிவிடும். வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் உள்ள வீடுகள் பலவற்றுக்கு அது இலண்டனிலிருந்தோ தொறன்ரோவிலிருந்தோ மாமன் கொண்டுவந்த பரிசாக வருகிறது. அல்லது தந்தையார் பல மாதம் சேமித்த பணத்தில் வருகிறது. ஆகவே, அது பழுதுறும்போது உடைவது விளையாட்டு மட்டுமன்று.

முதலில், அது ஏன் பழுதுறுகிறது என்று பார்ப்போம். இப்பெட்டிக்குள் இருப்பது ஒரு சிறு கணினி. அது வேலை செய்யுந்தோறும் சூடேறும். அச்சூட்டை வெளியேற்ற உள்ளே ஒரு மின்விசிறி சுழலும். பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ, மூடிய அலுமாரிக்குள்ளோ வைத்தால் காற்றுக்கு வழியில்லை. பாமன்கடையிலிருந்து கடற்கரை வெகு தூரமன்று. உப்பும் ஈரமும் கலந்த காற்று உலோக இணைப்புகளை மெல்ல மெல்ல அரிக்கும். இவற்றோடு மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். மின்சாரம் போகும் கணத்தைவிட அது திரும்பிவரும் கணமே இத்தகைய கருவிகளுக்கு அதிக ஆபத்தானது. ஏப்ரல் மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கும் மாலைகளில் செருகியைக் கழற்றி வைப்பது நல்ல வழக்கம். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியாயின், அதன் மின்னழுத்தக் குறிப்பை வாசித்த பின்னரே இணைத்தல் வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட்டு, ஜப்பானில் 100 வோல்ட்டு. நம் வீடுகளிலோ 230 வோல்ட்டு.

பெட்டி இயங்கவில்லையென்றால் உடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை. வேறொரு மின்கம்பியை மாற்றிப் பாருங்கள். தொலைக்காட்சிக்குச் செல்லும் கம்பியையும் மாற்றுங்கள். வேறொரு தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். பல வேளைகளில் குற்றம் பெட்டியிலன்று, கம்பியில் இருக்கும்.

அதன்பின்னும் இயங்காவிடின், கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'இதனை எங்கே வாங்கினோம்?' என்பதாகும். உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் ஓராண்டுக்கு உரியது. அதுவும் பெரும்பாலும் பொருள் விற்கப்பட்ட நாட்டுக்கோ பிரதேசத்துக்கோ மட்டும் உரியது. துபாயில் வாங்கி விமானத்தில் கொண்டுவந்த பெட்டிக்குக் கொழும்பில் உத்தரவாதம் தேடுவது, வேறு ஊர்த் தபாற்கந்தோரில் நம் கடிதத்தைத் தேடுவது போலாகும். உள்ளூர்க் கடையில் வாங்கியிருப்பினும், 'ஒரு வருட வாரன்டி' என்று கடைக்காரர் சொல்லும்போது, அது உற்பத்தியாளரின் வாக்கா, கடைக்காரரின் வாக்கா என்று கேட்டறிதல் வேண்டும். கடைக்காரரின் வாக்காயின், அக்கடை உள்ளவரைதான் அவ்வாக்கும் உண்டு. எதற்கு உத்தரவாதம், எதற்கு இல்லை என்பதைப் பற்றுச்சீட்டிலே எழுதி வாங்குங்கள். கைப்பிடிக்கும் மின்வழங்கிக்கும் தனித்தனி நிபந்தனை இருப்பதுண்டு.

இரண்டாவது கேள்வி, 'சட்டம் நமக்கு என்ன தருகிறது?' என்பது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் நாட்டில் நிலவுகிறது. இன்ன தேவைக்கு என்று சொல்லி, அப்பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் அவருடைய அறிவை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்கு ஓரளவேனும் பொருந்த வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஆனால் வெளிப்படையான உடன்பாட்டினால் அவ்விதியை விலக்கவும் அதே சட்டம் இடங்கொடுக்கிறது. ஆதலால், பற்றுச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டுள்ள வரியைப் பணம் கொடுக்குமுன் வாசியுங்கள்.

அதனிலும் நெருங்கிய துணை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். விற்ற பொருள், கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்ததாக இல்லாவிடின் அதிகாரசபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்யலாம். விசாரணையின் பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அச்சபை கட்டளையிட முடியும். ஆனால் இங்கே பலர் அறியாத ஒரு நிபந்தனை உண்டு. பொருளானால் விற்ற நாளிலிருந்து, சேவையானால் அதனை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு செய்தல் வேண்டும். உத்தரவாதம் ஓராண்டு, முறைப்பாட்டுக் காலமோ மூன்று மாதம். 'அடுத்த வாரம் வாருங்கள், அடுத்த மாதம் வாருங்கள்' என்று கடையில் சொல்லச் சொல்லக் காலம் கரைகிறது. அதனால், வாங்கிய முதல் மூன்று மாதத்திலே பெட்டியை நன்றாக இயக்கிச் சோதித்துவிடுங்கள். குறை கண்டால் வாய்ச்சொல்லோடு நில்லாமல் தேதியிட்டு எழுதிக் கொடுங்கள்.

எழுதிக் கேட்பவர் பலராயின் பெரிய நிறுவனங்களும் அசையும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2005இல் வெளிவந்த எக்ஸ்பொக்ஸ் 360 பெட்டிகள் பலவற்றில் சிவப்பு விளக்குகள் எரிந்து இயக்கம் நின்றது. சூடேறியும் ஆறியும் வந்தமையால் உள்ளிருந்த நுண்ணிய இணைப்புகள் விரிசலுற்றதே காரணம். வாங்கியோரின் முறையீடுகள் பெருகவே, 2007 ஜூலையில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அக்குறைக்குரிய உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டி, அதற்கென நூறு கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியது.

மூன்றாவது கேள்வி, 'உத்தரவாதம் இல்லையேல் யாரிடம் கொடுப்பது?' என்பது. பெட்டியின் திருகாணி மேல், 'அகற்றினால் உத்தரவாதம் செல்லாது' என்று ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டில் கூட்டு வர்த்தக ஆணைக்குழு, அத்தகைய வாசகம் சட்டத்துக்கு முரணாகலாம் என்று சோனி, மைக்ரோசொப்ட், நின்டெண்டோ உள்ளிட்ட ஆறு நிறுவனங்களை எச்சரித்தது. அது அந்நாட்டுச் சட்டம். நம் கடைக்காரரிடம் அதனைக் காட்டி வாதாட இயலாது. ஆகவே, உத்தரவாதக் காலம் முடியும்வரை ஒட்டுத்தாளைத் தொடாதிருங்கள். முடிந்தபின், அது வெறும் தாள்.

அதன்பின் நமக்குத் துணை நம்மூர்த் திருத்துநரே. பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த கட்டடங்களிலும், காலி வீதியோரச் சிறு அறைகளிலும் பற்றாசுக் கோலைக் கையிலேந்திய இளைஞர் பலர் இருக்கின்றனர். தூசி நீக்குதல், வெப்பப் பசை மாற்றுதல், முறிந்த செருகுவாயைப் பொருத்துதல், தானே நகரும் கைப்பிடிக் குமிழை மாற்றுதல் ஆகியவை அவர்களுக்குக் கைவந்த கலை. ஆயினும், ஒப்படைக்குமுன் சில காரியங்கள் செய்க. உள்ளிருக்கும் வட்டத்தட்டை எடுத்துவிடுங்கள். சேமித்த ஆட்டங்களுக்குப் பிரதி எடுங்கள். பெட்டியின் தொடரிலக்கத்தை ஒப்படைப்புச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பார்க்கும் கூலி எவ்வளவு, திருத்தும் கூலி எவ்வளவு என்று முன்னரே கேளுங்கள். 'கேட்காமல் மேற்செலவு செய்யலாகாது' என்று எழுதுங்கள். கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். தகுந்த திறமையோடும் கவனத்தோடும் சேவை செய்யப்படும் என்பது, சொல்லாமலே அடங்கியுள்ள உத்தரவாதம் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நேர்மையான திருத்துநர் இவற்றுக்கு முகஞ்சுளியார். அவருக்கும் இச்சீட்டே காவல்.

திருத்துங்கூலி பழைய பெட்டியொன்றின் விலையில் பாதியைத் தாண்டுமாயின், ஒருமுறைக்கு இருமுறை சிந்தியுங்கள். இனி உதவாது என்று தீர்ந்தால், குப்பையோடு வீசாதீர்கள். உள்ளிருக்கும் ஈயம் முதலியன மண்ணையும் நீரையும் கெடுக்கும். மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். இவ்வலுவல்களுக்குப் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பற்றுச்சீட்டை அவனே கோப்பில் வைக்கட்டும். முறைப்பாட்டுக் கடிதத்தை அவளே எழுதட்டும். பொருளின் பெறுமதியையும், எழுதிக் கொடுத்த வாக்கின் பெறுமதியையும், கையால் உழைப்பவரின் பெறுமதியையும் அவர்கள் ஒருங்கே கற்பார்கள். நாளை அவர்கள் வாங்கப்போவது விளையாட்டுப் பெட்டி மட்டுமன்று. வாகனமும், காணியும், வீடுமாகும். அன்றைக்கு இப்பழக்கம் அவர்களுக்குக் கைகொடுக்கும்.