செய்திக்கு யார் கூலி கொடுப்பது?



"செல்போன் வந்தது, பேப்பர் செத்தது" என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் அடித்துச் சொன்னார்கள். நான் மறுக்கிறேன். வாசகன் எங்கும் போய்விடவில்லை. படுக்கையில் படிக்கிறான், பேருந்தில் தொங்கிக்கொண்டே படிக்கிறான். ஓடிப்போனது விளம்பரம்!

ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரப் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். மணமகள் தேவை, ஆட்கள் தேவை, பழைய அம்பாசடர் விற்பனைக்கு. நாம் கொடுத்த பேப்பர் காசு அச்சடிக்கிற செலவுக்கே காணாது. நிருபரின் சம்பளத்துக்குக் கைகொடுத்தது அந்தப் பக்கம்தான். கல்யாணத்தை பாரத் மேட்ரிமோனி எடுத்துக்கொண்டது, வேலையை நௌக்ரி எடுத்துக்கொண்டது, காரை ஓ.எல்.எக்ஸ் எடுத்துக்கொண்டது. கடைத்தெரு விளம்பரத்தை கூகுளும் ஃபேஸ்புக்கும் வாரிக்கொண்டன. மிஞ்சியது பெயர் மாற்றமும் நினைவஞ்சலியும் டெண்டர் அறிவிப்பும்!

வியாபாரம் என்றால் போட்டி இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நகராட்சிக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, குடிநீர்க் குழாய் ஒப்பந்தம் யாருக்குப் போனது என்று குறிப்பெடுக்க கூகுள் ஆள் அனுப்பியதுண்டா? வாய்தா தவறாமல் கோர்ட் வாசலில் ஃபேஸ்புக் நின்றதுண்டா? நிற்பவர் நம் தாலுகா நிருபர். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பெட்ரோல் காசு கிடையாது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது இவருக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது!

கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை போட்டால் தீருமா? சினிமாக்காரர்களைக் கேளுங்கள். 2013-ல் வெளியான 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முன்பே டி.டி.எச்.சில் காட்டப் போவதாக கமல்ஹாசன் அறிவித்தார். தியேட்டர்காரர்கள் எதிர்த்து நின்று தடுத்தார்கள். 2020-ல் 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமுக்கே போனது. 2024-ல் சென்னை அசோக் நகர் உதயம் தியேட்டர் மூடப்பட்டது. தடுத்து எதைக் காப்பாற்றினோம்?

செய்தியால் வரும் வருமானத்தில் கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் பங்கு கேட்க வேண்டும், அதுவே வழி. ஆஸ்திரேலியா 2021-ல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. ஃபேஸ்புக் செய்தியையே முடக்கி மிரட்டியது. பேரம் நடந்தது, சட்டத்தில் திருத்தம் வந்தது, கடைசியில் பத்திரிகைகளுக்குப் பணமும் வந்தது. கனடா 2023-ல் இப்படிச் சட்டம் இயற்றியதும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அங்கே செய்தியை நிறுத்தியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் காட்டுத்தீக்கு அஞ்சி யெல்லோநைஃப் நகரமே காலி செய்தபோதும் அது மனமிரங்கவில்லை. ஆனால் கூகுள் ஆண்டுக்கு 10 கோடி கனடிய டாலர் தர ஒப்புக்கொண்டது. இங்கே என்ன நடந்தது? 2022 ஜனவரியில் செய்தி நிறுவனங்களின் புகாரின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுள் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. கனடாவைப் போல ஒரு சட்டம் நமக்கு எப்போது?

பத்திரிகை முதலாளிகளே, உங்களையும் விடமாட்டேன்! காசு வாங்கிக்கொண்டு தேர்தல் செய்தி போட்டது யார்? "அதிர்ச்சி! நடிகை செய்த காரியம்" என்று இணையத்தில் தலைப்பு வைத்தது யார்? நீங்கள் மூடி மறைத்த சாதிக் கொடுமைகளைச் செல்போனில் படம்பிடித்து நாட்டுக்குக் காட்டியவன் ஊர் இளைஞன். நாளைக்குச் சட்டம் வந்து பணம் வந்தால், அதில் தாலுகா நிருபருக்கு இவ்வளவு என்று எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் உங்களுக்காக நான் ஏன் தொண்டை கிழியக் கத்த வேண்டும்?

கடைசியாக, வாசகர்களே, உங்களுக்கு. விடிவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் முழுப் பேப்பரும் பி.டி.எஃப்.பாக வந்து விழுகிறது. ஓசியில் புரட்டிவிட்டு, "பேப்பரில் இப்போது என்னய்யா இருக்கிறது?" என்று அலுத்துக்கொள்கிறோம். நம்பிப் படிக்கிற பத்திரிகை ஒன்றுக்காவது இந்த மாதம் சந்தா கட்டுங்கள். நீங்கள் கொடுக்காத காசைக் குழாய் டெண்டர் எடுத்தவன் கொடுப்பான். அப்புறம் குழாயில் தண்ணீர் வராதது செய்தியிலும் வராது!