இலைமேல் விழுந்த வித்து



மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் டெல்டாவின் சம்பா வயலுக்குள் இறங்கி, நெல் தோகை ஒன்றைக் கையில் பிடித்துப் பாருங்கள். சில வயல்களில் இரு முனையும் கூர்ந்த, கண் வடிவப் புள்ளிகள் தெரியும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. அதுதான் குலை நோய். கதிர் வந்த பிறகு அதே நோய் கழுத்தைப் பிடித்தால், கழுத்து கறுத்து, மணி பால் பிடிக்காமல் பதராகிவிடும். பிபிடி 5204 நெல் ரகம் போட்டவர்களில் பலருக்கு இந்த வேதனை தெரியும்.

இதற்குக் காரணம் மேக்னபோர்த்தே ஒரைசே என்ற பூஞ்சை. அதன் வித்து மூன்றே அறைகள் கொண்டது, கண்ணுக்குத் தெரியாதது. நெல் இலையோ மெழுகு படிந்தது, சிலிகா ஏறி இறுகியது. அதை இந்த வித்து துளைத்துவிடுகிறது.

காற்றில் வந்து இலையில் விழுந்ததும், வித்து தன் நுனியிலிருந்து பசையைக் கசியவிட்டு ஒட்டிக்கொள்கிறது. பனி ஈரம் கிடைத்தால் சில மணி நேரத்துக்குள் ஒரு முளைக்குழல் நீள்கிறது. குழலின் நுனி உப்பி, ஒட்டுறுப்பு ஒன்று உருவாகிறது. அதன் சுவரில் மெலனின் என்ற நிறமி படிகிறது. உள்ளே கிளிசரால் சேரச் சேர, வெளியிலிருக்கும் நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மெலனின் படிந்த சுவர் கிளிசராலை வெளியே விடுவதில்லை. அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை ஏறுகிறது. கார் டயரில் நாம் நிரப்பும் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 40 மடங்கு. அந்த வேகத்தில் அடிப்பக்கத்திலிருந்து மெல்லிய முளை ஒன்று இலைத்தோலைக் குத்தி உள்ளே இறங்குகிறது.

விழுந்த இடம் இலையா, வேறு ஏதாவதா என்று வித்துக்கு எப்படித் தெரிகிறது? எப்போது உப்ப வேண்டும், எப்போது குத்த வேண்டும் என்று யார் சொல்வது? இந்த வேலையைச் செய்பவைதான் சமிக்ஞைப் புரதங்கள். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சில புரதங்கள், இடம் கடினமானதா, நீர் ஒட்டாததா, இலைத்தோலின் ரசாயனத் துணுக்குகள் அங்கே உண்டா என்று உணர்கின்றன. அந்தச் செய்தி உள்ளே போனதும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. கைனேஸ் என்ற வகைப் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்குகின்றன. கைனேஸ் மற்றொரு புரதத்தின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி வைக்கும். அதைப் பொறுத்து அந்தப் புரதம் வேலையைத் தொடங்கும், அல்லது நிறுத்தும். நீர் ஒட்டும் பரப்பில் வித்து முளைத்தாலும் ஒட்டுறுப்பு உருவாவதில்லை. 1993-ல் ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட பரப்பிலேயே சைக்ளிக் ஏஎம்பியைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒட்டுறுப்பு உருவானது. இலை இல்லை, இலை இருப்பதாகச் சொல்லும் செய்தி மட்டும் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

1996-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜின்-ரோங் சூ, ஜான் ஹேமர் இருவரும் பிஎம்கே-1 என்ற கைனேஸுக்கான மரபணுவை இந்தப் பூஞ்சையிலிருந்து நீக்கினார்கள். பூஞ்சை சாகவில்லை, ஆய்வகத் தட்டில் வளரவே செய்தது. ஆனால் ஒட்டுறுப்பு உண்டாகவில்லை. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது இன்னொன்று: இலையைக் காயப்படுத்தி வழி திறந்து வைத்தபோதும் அதனால் நோயை உண்டாக்க முடியவில்லை. அப்படியானால் உள்ளே நுழைந்த பிறகும் அந்தப் புரதத்துக்கு ஏதோ வேலை இருக்க வேண்டும்.

அந்த வேலை 2018-ல் தெரிந்தது. இங்கிலாந்தில் நிக் டால்பாட்டின் குழு, ஒரு குறிப்பிட்ட மருந்தால் மட்டும் நிறுத்தக்கூடியபடி பிஎம்கே-1-ஐச் சிறிது மாற்றி அமைத்தது. பூஞ்சையை இலைக்குள் நுழையவிட்டு, பிறகு மருந்தைக் கொடுத்தார்கள். பூஞ்சை முதல் செல்லிலேயே சிக்கிக்கொண்டது. பக்கத்துச் செல்லுக்குப் போகும் நுண்துளை வழியாகத் தன்னை ஒடுக்கிக்கொண்டு நுழைய அதனால் முடியவில்லை.

அடுத்த ஆண்டு அதே குழு எஸ்எல்என்-1 என்ற புரதத்தைப் பற்றி எழுதியது. ஒட்டுறுப்புக்குள் அழுத்தம் போதிய அளவை எட்டிவிட்டதா என்று பார்ப்பது அதன் வேலை. அது இல்லாத பூஞ்சையில் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறுகிறது. இருந்தும் இலையைத் துளைக்க முடிவதில்லை. பலம் இருக்கிறது, எப்போது குத்துவது என்பது தெரியவில்லை.

நம் விவசாயிகள் தெளிக்கும் ட்ரைசைக்ளசோல் பூஞ்சையை நேரடியாகக் கொல்வதில்லை. மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. மெலனின் இல்லாவிட்டால் அழுத்தம் நிற்காது, இலையும் துளைபடாது. அதனால்தான் நோய் பரவும் முன்பே தெளிக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்ட பூஞ்சையிடம் அந்த மருந்துக்குப் பெரிதாக வேலை இல்லை. உள்ளே இருப்பதைப் பிடிக்க பிஎம்கே-1 போன்ற புரதங்களைத்தான் குறிவைக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் அது எளிதல்ல. இதே குடும்பத்துக் கைனேஸ்கள் நெல்லிலும் உண்டு, நம் உடம்பிலும் உண்டு.

மனிதரைத் தாக்கும் பூஞ்சைகளில் இந்தச் சிக்கலை மருத்துவர்கள் நேரில் பார்க்கிறார்கள். எச்ஐவியால் எதிர்ப்புச் சக்தி இழந்தவர்களின் மூளை உறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கு, கால்சினியூரின் என்ற சமிக்ஞைப் புரதம் இல்லாவிட்டால் 37 டிகிரி உடல் வெப்பத்தில் வளரவே முடியாது. 1997-ல் ஜோசப் ஹைட்மனின் குழு இதைக் காட்டியது. கால்சினியூரினை முடக்கும் மருந்து ஏற்கெனவே கையில் இருக்கிறது: சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ். ஆனால் அது நம் வெள்ளணுக்களின் கால்சினியூரினையும் முடக்கி, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுகிறது. ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தியை இழந்து நிற்கும் நோயாளிக்கு அந்த மருந்தை எப்படிக் கொடுப்பது?

ஆகவே பூஞ்சையின் புரதத்துக்கும் மனிதனின் புரதத்துக்கும் வடிவத்தில் இருக்கும் சின்னஞ்சிறு வேறுபாட்டை ஆய்வாளர்கள் தேடினார்கள். அதைக் கொண்டு டாக்ரோலிமஸை மாற்றி அமைத்த மூலக்கூறு ஒன்று 2019-ல் வெளியானது. எதிர்ப்புச் சக்தியை அது முன்னைவிடக் குறைவாகவே அடக்கியது. கிரிப்டோகாக்கஸ் தொற்றிய எலிகளில் பூஞ்சைக்கு எதிராக வேலையும் செய்தது.